சென்சாரில் தூசி: கண்டுபிடிப்பதிலிருந்து துடைப்பது வரை

வானத்தை எடுத்த படத்தில் ஒரு மூலையில் மங்கலாக ஒரு சாம்பல் வட்டம். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே வட்டம். லென்ஸைத் துடைத்தாலும் போகவில்லை என்றால் அது சென்சாரில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் படமாகப் பதியும் பகுதியில், உட்கார்ந்திருக்கும் தூசி. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற எந்தக் கேமராவிலும் இது ஒரு நாள் வந்தே தீரும். விலை உயர்ந்த கேமரா என்பதால் வராமல் இருக்காது.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் தூசிதானா என்று உறுதி செய்ய வேண்டும், அடுத்து காற்றடிக்க வேண்டும், காற்றுக்கு அசையாததை மட்டும் ஈரமாகத் துடைக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே துடைக்கப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கண்ணாடி மேல் சும்மா கிடக்கும் ஒரு மணல் துகளைத் துடைப்பானால் இழுத்தால் அது கீறலாகிவிடும். கீறலைத் துடைத்து எடுக்க முடியாது.

சில படங்களில் மட்டும் ஏன் தெரிகிறது?

தூசி உண்மையில் சென்சார் மேலேயே உட்காருவதில்லை. சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது, தூசி ஒட்டுவது அதன் மேல்தான். ஒளியை உணரும் புள்ளிகளுக்கும் தூசிக்கும் இடையே அதனால் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) எஃப்/2.8 இல் அகலமாகத் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். எஃப்/16 க்குச் சுருக்கினால் ஒளி ஒடுங்கி வருகிறது, நிழல் அழுத்தமாக விழுகிறது. முகப்படம் மட்டும் எடுப்பவருக்குப் பல மாதம் தெரியாமலே இருந்த தூசி, நிலக்காட்சி எடுத்த முதல் நாளே பல்லிளிப்பது இதனால்தான்.

படி 1: சோதனைப் படம்

கேமராவை, அப்பர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் முன்னுரிமை முறைக்கு மாற்றி எஃப்/16 அல்லது எஃப்/22 வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100. எக்ஸ்போஷரை (பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்காக, கூட்டுங்கள், பின்னணி வெளிறினால் புள்ளி எடுப்பாகத் தெரியும். கணினித் திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அது படம் முழுவதையும் நிரப்பும் அளவுக்குக் கிட்டே போங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்புங்கள். திரை முழுக்க மங்கிப் போகும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஷட்டரை அழுத்தியதும் கேமராவை மெதுவாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஷட்டர் (சென்சாரை மூடித் திறக்கும் கதவு போன்ற பாகம்) ஒரு வினாடி திறந்திருந்தாலும் பரவாயில்லை. திரையின் புள்ளிகளும் அதில் படிந்த அழுக்கும் அசைவில் கலங்கிவிடும். சென்சார் தூசி கேமராவோடு சேர்ந்தே நகர்வதால் அது மட்டும் அப்படியே நிற்கும்.

படத்தைக் கணினியில் திறந்து கான்ட்ராஸ்ட்டை நன்றாக ஏற்றுங்கள். 100 சதவீத அளவில் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பாருங்கள். இன்னொரு லென்ஸ் கையில் இருந்தால் மாட்டி மறுபடி எடுங்கள். புள்ளிகள் அதே இடத்தில் நின்றால் சென்சார்தான். வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) தெரிந்து படத்தில் தெரியாத தூசி, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸ் திரையில் இருப்பது. அதைத் தொடவே வேண்டாம், எளிதில் கீறிக்கொள்ளும் பொருள் அது.

புள்ளி சென்சாரில் எங்கே இருக்கிறது என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச் செய்கிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து முன்பக்கமிருந்து உள்ளே பார்க்கும்போது, படத்தின் மேல் இடது மூலைப் புள்ளி சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாறும், இடம் வலம் மாறாது.

படி 2: இடமும் கேமராவும்

மின்விசிறியை அணைத்து, காற்றில் மிதக்கும் தூசி அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். மேசையை ஈரத் துணியால் துடையுங்கள். பஞ்சு உதிர்கிற ஸ்வெட்டர், துண்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். லென்ஸைக் கழற்றுவதற்கு முன், லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட்டைச் சுற்றி வெளியே படிந்த தூசியைத் தட்டிவிடுங்கள். லென்ஸின் பின்பக்கம், பின்மூடி, பாடி மூடி மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். இந்த மூடிகளின் உட்புறம் தூசி சேர்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டு அழுக்கு மூடியைப் போட்டால் செய்த வேலை வீண்.

பேட்டரி முழுமையாக ஏறியிருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் மெனுவில் இருக்கும் கைமுறைச் சுத்தம் என்ற வசதியைப் பயன்படுத்தினால் சென்சாருக்கு முன்னால் இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடி மேலே போய், ஷட்டர் திறந்தபடி நிற்கும். பாதி வேலையில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் துடைப்பான் மேலேயே மூடிக்கொள்ளலாம். பல்ப் முறையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்வதும் இதே காரணத்தால் ஆபத்து, விரல் நழுவினால் போதும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் பொதுவாகச் சென்சார் கண்முன் நிற்கும். சில மாடல்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். மூடியிருப்பது மெல்லிய இதழ்கள், அவற்றின் மேல் காற்றோ விரலோ பட்டால் வளைந்துவிடும். மெனு வழியாகத் திறந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: காற்று

ராக்கெட் ப்ளோயர் எனப்படும் பெரிய ரப்பர் பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய பம்பில் வரும் காற்றுக்கு வேகம் போதாது. முதலில் வெளியே நான்கைந்து முறை அமுக்கி உள்ளே இருக்கும் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கீழிருந்து பத்துப் பதினைந்து முறை பலமாக அடியுங்கள். பம்பின் மூக்கு மவுண்ட் விளிம்பைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, அமுக்கும் வேகத்தில் அது சென்சாரில் குத்திவிடும். கீழ்நோக்கிப் பிடிப்பதால் கிளம்பிய தூசி வெளியே விழுகிறது. வாய் மேலே பார்க்கப் பிடித்தால் உள்ளேயே சுற்றித் திரும்பவும் வந்து உட்காரும்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் ஈரத் துடைப்பு தவிர வேறு வழியில்லாமல் போகும். டின்னில் அடைத்த அழுத்தக் காற்றும் வேண்டாம். டின் சற்றுச் சாய்ந்தாலும் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சி, கண்ணாடியில் கறை படியும்.

மறுபடி சோதனைப் படம். பெரும்பாலான நேரம் வேலை இங்கேயே முடிந்துவிடும். ஓரத்தில் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள் மிஞ்சினால் விட்டுவிடுங்கள். எடிட்டிங்கில் ஒரு சொடுக்கில் போகிற புள்ளிக்காகச் சென்சாரைத் தொட வேண்டியதில்லை.

படி 4: ஈரத் துடைப்பு

மகரந்தம், காய்ந்த நீர்த்துளி, ஷட்டர் பொறியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் ஆகியவை காற்றுக்கு அசையாது. எண்ணெய்த் துளி பெரும்பாலும் வட்டமாக, நடுவில் சற்று வெளிச்சமாகத் தெரியும்.

வேண்டியவை இரண்டுதான்: உறையிட்ட சென்சார் ஸ்வாப் (தட்டையான நுனியுள்ள துடைப்பான்), சென்சாருக்கென்றே விற்கும் திரவம். ஸ்வாப்பின் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். சிறிய வகைச் சென்சாரான ஏபிஎஸ்-சி என்றால் 16 மி.மீ., 36 க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல்ஃபிரேம் என்றால் 24 மி.மீ. பொருந்தினால்தான் ஒரே இழுப்பில் முழுப் பரப்பும் துடைபடும். குறுகியதை வாங்கினால் நடுவில் கோடு விழும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவம், தண்ணீர், காது குடையும் பஞ்சுக்குச்சி எதுவும் கூடாது. சென்சாருக்கென்று விற்கும் திரவங்களில் பலவும் மெத்தனால். நச்சு, எளிதில் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஸ்வாப்பின் நுனி விளிம்பில் இரண்டு துளி விடுங்கள், 24 மி.மீ. என்றால் மூன்று வரை போகலாம். ஐந்து வினாடி ஊற விடுங்கள். நுனி ஈரப்பதமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சென்சாரின் ஒரு ஓரத்தில் நுனியை வைத்து, போகும் திசைக்குக் கைப்பிடியைச் சற்றுச் சாய்த்து, மறு ஓரம் வரை நிறுத்தாமல் ஒரே சீராக இழுங்கள். அழுத்தம், நுனி லேசாக வளையும் அளவுக்குப் போதும். பிறகு ஸ்வாப்பின் மறுபக்கத்தைத் திருப்பி, எதிர்த்திசையில் ஒருமுறை. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. விலையைப் பார்த்து அதையே இன்னொருமுறை இழுத்தால், முதல் இழுப்பில் அள்ளிய மணல் துகள் இப்போது உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

திரவம் ஆவியாகப் பத்து வினாடி விட்டு, கேமராவை அணைத்து, லென்ஸை மாட்டிச் சோதனைப் படம் எடுங்கள். ஓரமாகப் பிறை வடிவக் கறை தெரிந்தால் திரவம் அதிகமாகிவிட்டது என்று பொருள். புதிய ஸ்வாப்பில் ஒரு துளி குறைத்து மறுபடி செய்யுங்கள். புள்ளி இடம் மாறியிருந்தால் அது கழன்றுவிட்டது, ப்ளோயரே போதும். எண்ணெய் முதல் முறையில் பரவி மங்கலாகி, இரண்டாம் மூன்றாம் ஸ்வாப்பில்தான் முழுதாகப் போகும்.

திரும்ப வராமல் இருக்க

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாய் கீழ்நோக்க வைத்து, மாட்டவேண்டிய லென்ஸைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். காற்றடிக்கும் இடத்தில் உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். சென்சாரை அதிரவைத்துத் தூசி உதறும் வசதி 2003 இல் ஒலிம்பஸ் இ-1 இல் வந்தது, இப்போது பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதை இயக்கும்போது கேமராவை மேசையில் நிமிர்த்தி வையுங்கள், உதறிய தூசி கீழே விழ வழி இருக்க வேண்டும். ஒட்டிய அழுக்கை இந்த அதிர்வு எடுக்காது.

நான்கு ஸ்வாப்புக்குப் பிறகும் அசையாத புள்ளி, எப்படித் துடைத்தாலும் நேர்கோடாகவே நிற்கும் தடம், துடைத்த சில நாளில் திரும்பத் திரும்ப வரும் எண்ணெய், இந்த மூன்றில் எது வந்தாலும் கேமராவைச் சர்வீஸ் மையத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது உங்கள் கைத்தவறே இல்லை. 2012 இல் வந்த நிக்கான் டி600 இல் இப்படிப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்ததால் நிறுவனமே இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கும்போது சோதனைப் படத்தையும் உடன் கொடுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு உடனே தெரியும்.