மாத்திரையின் பெயரும் அவசர எண்ணும்: புது நாட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்ள

தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டால் உங்களால் உடனே சொல்ல முடியுமா? அட்டையில் இருக்கும் பிராண்டு பெயரைச் சொல்கிறீர்கள் என்றால், புது நாட்டு மருந்துக்கடையில் அது யாருக்கும் தெரியாமல் போகலாம். அதனுடன் அச்சிட்டிருக்கும் ஜெனரிக் பெயர், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. அதையும், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.

ஜெனரிக் பெயரே சில நாடுகளில் மாறும். பாராசிட்டமாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், அமெரிக்காவில் அல்பியூட்டரால். இது தெரியாமல் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்கினால், இரண்டிலும் ஒரே மருந்து இருந்து அளவு கூடிவிடும். பெரியவர்களுக்கே பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கல்லீரல் கெடும். அட்டையைத் திருப்பிப் படிக்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

மருந்துகளை அவற்றின் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் கொண்டுவாருங்கள். பெரிய பெட்டி வந்து சேராமல் போனாலும் மருந்து உங்களிடம் இருக்கும். இன்சுலினை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். விமானத்தின் சரக்கு அறைக் குளிரில் உறைந்துவிட்டால் அது வீண்தான். இன்னொன்று, ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்றவர்களுக்காக மருந்துப் பொட்டலம் வாங்கி வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மறுத்துவிடுங்கள். மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது அவசர எண். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999. ஜப்பானில் ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110. வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும், இதைச் சொல்லிக்கொடுங்கள். அழைத்ததும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் என்ன நடந்தது என்று. இணைப்பு நடுவில் போனாலும் வண்டி வந்து சேரும். வீட்டு முகவரியை உள்ளூர் மொழியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்பது நல்லது. பதற்றத்தில் தெருப் பெயர்கூட மறந்துபோகும். மொழி வரவில்லையே என்று அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். ‘தமிழ்’ என்று சொன்னாலே பல நாடுகளில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் அவசரம் இல்லாத வேளைகளில் 131 450 என்ற அரசு எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உதவி கேட்கலாம்.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஓர் இடைவெளி உண்டு. அரசு மருத்துவக் காப்பீடு எல்லா இடங்களிலும் நீங்கள் வந்த நாளிலிருந்தே தொடங்கிவிடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அதற்கடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குத் தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுத்துவிடுவார்கள்.

தெருவைக் கடக்கும்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். இடதுபக்கம் வண்டி ஓடும் நாட்டில் வளர்ந்தவருக்குக் கண் தானாக வலப்பக்கம்தான் போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வண்டி முதலில் இடப்பக்கத்திலிருந்து வரும். நான் வந்த புதிதில் ஒருமுறை சாலையில் இறங்கிவிட்டேன், கூட வந்தவர் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்ப்பதை அன்றிலிருந்து நான் விட்டதில்லை.

ஊர் சுற்றப் போகும்போது குடிநீரில் சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலான மலையிடங்களில் மூன்று நிமிடம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் குடிக்கலாம். நாயோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மலேரியா உள்ள இடத்துக்குப் போய்வந்து பல வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்துக்கூட காய்ச்சல் வரலாம். அப்படிக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். எந்த நாட்டுக்கு, எப்போது போனீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.