சதவீதம் சொன்னால் "எதில்?" என்று கேளுங்கள்

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவது நான்தான். கூட்டம் முடிந்ததும் யாராவது நகைக்கடை பில்லையோ கடன் சீட்டையோ நீட்டி, "இது சரியா அக்கா?" என்பார்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: சதவீதம் என்று யார் சொன்னாலும், எந்தத் தொகையில் அத்தனை சதவீதம் என்று கேட்டுவிடுங்கள்.

மனக்கணக்குக்கு 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 80,000 ரூபாயில் ஒரு சைபரை எடுத்தால் 8,000. அது 10%. இன்னொரு சைபரையும் எடுத்தால் 800. அது 1%. 12% வேண்டுமென்றால் 8,000 கூட்டல் இரண்டு 800, மொத்தம் 9,600. 5% என்றால் பத்தில் பாதி.

இதை வைத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போவோம். கணக்குச் சுலபமாக இருக்க, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 916 என்று முத்திரை இருந்தால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 91.6%. ஒரு சவரன், 8 கிராம், 80,000 ரூபாய். சேதாரம் 12% சேர்த்தால் 89,600. ஜிஎஸ்டி 3% இந்த 89,600-க்குத்தான் போடுவார்கள், வெறும் தங்கத்தின் விலைக்கு இல்லை. ஆக மொத்தம் 92,288. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து என்று கூட்டிப் பார்த்தவர்களுக்கு 92,000 தான் வரும். அந்த 288 ரூபாய் சேதாரத்துக்கு விழுந்த வரி.

"சேதாரத்தில் 50% தள்ளுபடி" என்ற பலகையைப் பார்த்ததும் நகை பாதி விலைக்கு வருவதுபோல மனசு துள்ளும். பாதியாவது சேதாரம் மட்டும்தான். 18% சேதாரம் பாதியானால் 9%. பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் அதே மாதிரி நகைக்கு 8% என்றால் அங்கேதான் மலிவு, சவரனுக்கு 800 ரூபாய். அதனால் தள்ளுபடி போக சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியா என்று கேட்டு, இரண்டு கடையையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆடித் தள்ளுபடியில் 50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்றால் 70 இல்லை. 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும், அந்த 500-இல் 20% போய் 400 ஆகும். கிடைத்தது 60%.

கடன் விஷயத்தில்தான் நம் பெண்கள் அதிகம் இழக்கிறார்கள், எனக்கு ஆத்திரம் வருவதும் இங்கேதான். "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்பது மாதக் கணக்கு. ஆண்டுக்கு 24%. வங்கியில் சொல்லும் சதவீதம் ஆண்டுக் கணக்கு. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

தண்டலில் 10,000 என்று எழுதி, 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். கையில் வந்தது 9,000, அதிலும் தினமும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருப்பது அதில் பாதிதான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி, அதுவும் 100 நாளுக்குள். ஆண்டுக் கணக்கில் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

எங்கள் குழுவில் மீதி அசலுக்குத்தான் வட்டி. 12,000 ரூபாய் கடன், மாதம் 1%, அசலில் மாதாமாதம் 1,000 கட்டினால், முதல் மாத வட்டி 120, அடுத்த மாதம் 110, அப்புறம் 100. கடைசி மாதம் வெறும் 10. மொத்த வட்டி 780. இதே 1 சதவீதத்தை ஆண்டு முழுக்க 12,000-க்கே போட்டால் 1,440. சதவீதம் ஒன்றுதான், வட்டியோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடன் வாங்கும்போது மீதி அசலுக்கு வட்டியா, முழு அசலுக்கா என்று கேளுங்கள். பதில் குழப்பமாக வந்தால், கையில் எவ்வளவு தருவீர்கள், எத்தனை தவணை, தவணைக்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.