ஏற்காட்டு மூடுபனியை சின்த்தில் (சின்தசைசரில்) கொண்டுவருவது எப்படி? சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல் பழகுபவர்களுக்கு

கிட்டார் ஓரளவு வாசிப்பீர்கள், பிளாக் மெட்டல் என்கிற வேகமான, இருண்ட மெட்டல் இசை பிடிக்கும், அதில் கீபோர்டும் சேரும் சிம்ஃபோனிக் வகையைச் செய்து பார்க்க ஆசை, ஆனால் கீபோர்டைத் தொட்டதே இல்லை என்றால் இது உங்களுக்காகத்தான். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு இணைக்க ஒரு சின்ன கீபோர்டு, கிட்டாரை கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்ஃபோன் இருந்தால் போதும். பதிவு செய்ய ரீப்பர் என்கிற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சின்த்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, அதுவும் மென்பொருள்தான். அது முழுக்கவே இலவசம்.

முதலில் காது

எதையும் வாசிப்பதற்கு முன் நார்வேயின் எம்பரர் குழு 1994-ல் வெளியிட்ட 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேளுங்கள். பெர்கன் நகரத்து கிரீக்ஹாலன் இசை அரங்கில் பதிவானது அது. முதல் தடவை கேட்கும்போது ஒரே இரைச்சலாகத் தோன்றும். இரண்டாம் தடவை டிரம்ஸை விட்டுவிட்டு கீபோர்டை மட்டும் பின்தொடருங்கள். டிரம்ஸ் பறந்துகொண்டிருக்கும், கீபோர்டு அவசரமே படாமல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நகரும். இந்த இசையின் உயிர் அந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

தனி ஆளாகச் செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். அதே நார்வேயின் லிம்பானிக் ஆர்ட் குழுவில் அப்போது இரண்டே பேர். 1996-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் டிரம்ஸுக்கு மெஷினைத்தான் வைத்தார்கள்.

டிரம்ஸும் கிட்டாரும்

டெம்போவை 180-ல் வையுங்கள், அதாவது நிமிடத்துக்கு 180 தாளத் தட்டு. கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி விடாமல் விழும் பிளாஸ்ட் பீட் ஒன்றை மவுஸாலேயே போட்டுவிடலாம். சேலம் அம்மாபேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விசைத்தறி ஓடும் வீட்டுக்குப் பக்கத்தில் தூங்கியவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் கொஞ்ச நேரத்தில் சத்தமாகவே இருக்காது, தரை மாதிரி ஆகிவிடும். பிளாஸ்ட் பீட்டும் அப்படித்தான் தரையாக வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் மட்டும் கட்டை மாதிரிக் கேட்கும், வெலாசிட்டியை, அதாவது அந்த அழுத்தத்தின் அளவை, கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள்.

கிட்டாரில் நான்கு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) இ (E) பவர் கார்டு, நான்கு பார் சி (C) பவர் கார்டு, ட்ரெமலோ பிக்கிங்கில், அதாவது தந்தியை மேலும் கீழும் வேகமாக விடாமல் மீட்டி. இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடது ஓரத்திலும் இன்னொன்றை வலது ஓரத்திலும் வையுங்கள். அவ்வளவுதான்.

கார்டு: இங்கே நிதானமாக நில்லுங்கள்

பவர் கார்டில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான் உண்டு, காந்தாரம் கிடையாது. அது சோகமா, மகிழ்ச்சியா என்று கிட்டார் இன்னும் சொல்லவே இல்லை. அதைச் சொல்லும் பொறுப்பு சின்த்துக்கு. ஆகவே சின்த்தை அலங்காரம் என்று நினைக்காதீர்கள்.

கீபோர்டில் கீழிருந்து மேலாக ஜி (G), பி (B), இ (E) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இது இ மைனர். இப்போது ஜி-யில் இருக்கும் விரலை எடுக்காதீர்கள். பி-யில் இருக்கும் விரல் அரைச்சுரம் மேலே ஏறி சி-க்குப் போகட்டும், இ-யில் இருப்பது அரைச்சுரம் இறங்கி இ ஃபிளாட்டுக்கு வரட்டும். இது சி மைனர். ஒரு விரல் அசையவில்லை, மற்ற இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மெதுவாகப் பத்துத் தடவை மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். வெளிச்சம் குறைந்து திரும்ப வருகிற மாதிரி இருக்கும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பழகியவர்களுக்கு இன்னும் எளிது. இ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த ஐந்து சுரமும் கீரவாணி ராகத்துக்குள்ளேயே அடங்கும். க-ப-ஸ என்று இருந்தது க-த-நி என்று மாறுகிறது, அவ்வளவுதான். அந்த இ ஃபிளாட் கீரவாணியின் காகலி நிஷாதம். கல்யாணக் கச்சேரியில் கேட்ட அதே சுரம்தான் இங்கே இப்படி இருட்டுகிறது. இது எனக்குப் புரிந்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

பனி எழும்பும் சத்தம்

சர்ஜில் இரண்டு ஆசிலேட்டர்கள் (சத்தத்தை உண்டாக்கும் பகுதிகள்), இரண்டும் சா வேவ், அதாவது ரம்பப் பல் வடிவ அலை. ஒன்றை மட்டும் 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற்றுங்கள். அந்தச் சிறு பிசகால்தான் சத்தம் அகலமாகும். கூர்மையான மேல் சத்தத்தைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டரை 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். அட்டாக் (சத்தம் எழும்பும் நேரம்) 700 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு அடங்கும் நேரம்) 2 செகண்ட். பிறகு ஒரு எல்எஃப்ஓவை (ஒரு அமைப்பைத் தானாக மெதுவாக ஏற்றி இறக்கும் அலை) 0.1 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஃபில்டரோடு இணையுங்கள். ஒரு சுற்றுக்கு 10 செகண்ட் ஆகும். ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் தெரியும், மூடும், திரும்பத் தெரியும். எப்போது மூடியது என்று பிடிக்க முடியாது. ஃபில்டரும் அப்படித்தான் அசைய வேண்டும், கேட்பவர்களுக்கு அசைவு தெரியவே கூடாது.

ரிவெர்பை (பெரிய அரங்கில் கேட்பது போன்ற எதிரொலிப்பு) 3 செகண்டுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். என் முதல் பாட்டில் பிரம்மாண்டமாக இருக்கட்டும் என்று 8 செகண்ட் வைத்தேன். கார்டு மாறிய பிறகும் பழைய இ ஒலித்துக்கொண்டே இருந்தது, புதிய இ ஃபிளாட்டோடு மோதி எல்லாம் கூழாகிவிட்டது. கணக்கு இதுதான்: 180 டெம்போவில் ஒரு பார் 1.33 செகண்ட், நான்கு பார் 5.3 செகண்ட். அதற்குள் பழைய கார்டு அடங்கிவிட வேண்டும். ப்ரீ டிலே, அதாவது ரிவெர்ப் தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி, 30 மில்லிசெகண்ட் கொடுத்தால் முதல் சத்தம் தெளிவாக இருக்கும்.

மலையிலிருந்து ஒரு சத்தம்

இது கட்டாயமில்லை, ஆனால் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். காலை முதல் பஸ்ஸில் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போங்கள். காப்பித் தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் இடமாகப் பாருங்கள். பனி இலையில் சேர்ந்து சொட்டுச் சொட்டாக விழும், சில்வண்டு விடாமல் இழுக்கும். தோட்டத்துக்குள் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். மைக் பிடித்து நின்ற என்னிடம் டீக்கடை அண்ணன், "என்ன தம்பி, பாட்டா எடுக்கற?" என்று கேட்டார். "இல்லைங்கண்ணா, மழை விட்ட சத்தம்" என்றேன். பேசாமல் ரேடியோவை அணைத்துவிட்டார்.

ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மைக் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் சுற்றி, பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து அதை நான்கில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்குங்கள், சுருதியும் கூடவே இரண்டு ஸ்தாயி இறங்கும். சில்வண்டு தம்பூரா இழுப்பு மாதிரி ஆகிவிடும். அதை சின்த்துக்கு அடியில் மிக லேசாக ஓடவிடுங்கள்.

கடைசியாக அளவு

சின்த்தில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டர் வைத்து வெட்டிவிடுங்கள். அந்த இடம் கிக்குக்கும் பேஸுக்கும். பிறகு சின்த்தின் ஃபேடரை (சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) முழுக்க இறக்கிவிட்டு, கிட்டார் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கார்டு மாறுவது காதில் விழ ஆரம்பித்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது சின்த்தை மியூட் செய்து பாருங்கள். பாட்டு சட்டென்று சின்னதாகிவிட்டால் அளவு சரி. ஒன்றுமே குறையவில்லை என்றால் இன்னும் இரண்டு டெசிபல் ஏற்றிவிட்டு மறுபடி மியூட் செய்யுங்கள்.