மூச்சு நின்றவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்துவது எப்படி

வீட்டில் ஒருவர் திடீரென்று சாய்ந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? முகத்தில் தண்ணீர் தெளிப்போம், விசிறுவோம், உள்ளங்காலைத் தேய்ப்போம், வாயில் சோடா ஊற்றுவோம். இதயம் நின்றவருக்கு இதில் ஒன்றும் உதவாது. வாயில் ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போனால் இன்னும் கெடுதல்.

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், அதற்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பலர் ஏமாறுவது இங்கேதான். இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து ஒரு இழுப்பு வரும், அதைப் பார்த்து "உயிர் இருக்கு, இழுத்துக்கிட்டு இருக்கார்" என்று சுற்றி நிற்பவர்கள் காத்திருப்பார்கள். அது மூச்சே இல்லை. நாடியும் தேட வேண்டாம், பதற்றத்தில் நம் விரலில் துடிப்பதையே அவருடையது என்று நினைத்துவிடுவோம். 108-ஐக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மெத்தையில் கிடந்தால் தரைக்கு இழுத்துவிடுங்கள், மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பக்கத்தில் முட்டி போட்டு, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், சரியாக நடுவில் வையுங்கள். மேலே இன்னொரு கை. முழங்கை மடங்காமல், உடம்பின் எடை முழுவதும் இறங்குகிற மாதிரி 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது விநாடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். பயிற்சி பொம்மையில் முதன்முதலாக அழுத்தியபோது, இவ்வளவு பலம் வேண்டுமா என்று பயந்தேன், போதிய ஆழம் அழுத்தினால் பொம்மையிலிருந்து வரும் 'க்ளிக்' சத்தம் வரவே இல்லை. வேண்டும். விலா எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீர்கள், எலும்பு கூடிவிடும். பெண் என்பதால் கை வைக்கக் கூச்சப்படவும் வேண்டாம்.

30 அழுத்தத்துக்கு ஒருமுறை தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை ஊதுங்கள். நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதினால் போதும். பழக்கமில்லை, தயக்கமாக இருக்கிறது என்றால் பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருங்கள், சும்மா நிற்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் குழந்தைகளுக்கும், தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் ஊதுவது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் முதலில் நிற்பது மூச்சு, பிறகுதான் இதயம். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு கையே போதலாம், ஆழம் சுமார் 5 செ.மீ., கணக்கு அதே 30-க்கு 2. கையில் போன் இல்லாமல் தனியாக இருந்தால் முதலில் 2 நிமிஷம் இதைச் செய்துவிட்டு அப்புறம் உதவிக்கு ஓடுங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தையா? தோளைக் குலுக்காதீர்கள், உள்ளங்காலைச் சுண்டிப் பாருங்கள். அசைவும் மூச்சும் இல்லையென்றால் இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு கட்டைவிரல்களாலும் சுமார் 4 செ.மீ. அழுத்துங்கள். ஊதும்போது தலையைப் பெரியவர்களுக்குப் போலப் பின்னால் சாய்க்கக் கூடாது, முகம் நேராகக் கூரையைப் பார்க்கட்டும். குழந்தையின் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடக்கிய காற்றை மட்டும் மெதுவாக விடுங்கள்.

கை ஓய்ந்துபோகும், அதனால் 2 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையம் போன்ற இடமென்றால் சுவரில் ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்) கருவி இருக்கும், யாரையாவது எடுத்துவரச் சொல்லுங்கள், திறந்து இயக்கினால் அதுவே பேசி வழி சொல்லும். மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மறுபடி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் ஆம்புலன்ஸ்காரர் வந்து கை மாற்றும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள், அவருக்குச் சந்து தெரியாது, தெருமுனையில் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.