தைவான் தின்பண்டங்கள்: ஊருக்கு வாங்கி வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைவானுக்குச் சுற்றுலா போய் வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் தின்பண்டம்தான் இருக்கும். அன்னாசிக் கேக், நூகா மிட்டாய், ஊலாங் தேயிலை, உலர்ந்த மாம்பழம். அங்கே கடைக்காரர்கள் ருசி பார்க்கத் தாராளமாகவே கொடுப்பார்கள், விலையும் எழுதித்தான் வைத்திருப்பார்கள். தவறு நடப்பது நம் பக்கத்தில். விமானத்துக்கு நாலு மணி நேரம் இருக்கும்போது கடைக்குள் நுழைந்து, அழகான அட்டைப்பெட்டியாகப் பார்த்து ஆறு எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். உள்ளே பன்றிக்கொழுப்பு இருப்பதும், கெடு முடிய மூன்றே நாள் பாக்கி என்பதும் வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரியவரும்.

கடைசி நாளில் வாங்குவதில் தப்பே இல்லை, பல பண்டங்களுக்கு அதுதான் சரி. ஆனால் எதை, யாருக்கு, எந்தக் கடையில் என்ற முடிவை முதல் இரண்டு நாட்களிலேயே ருசி பார்த்து எடுத்துவிட வேண்டும்.

அன்னாசிக் கேக் எல்லாம் ஒன்றல்ல

தைவான் என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒரு வாய்க்கோ இரண்டு வாய்க்கோ வரும் சின்னச் செவ்வகம், வெளியே வெண்ணெய் பிஸ்கட் போல உதிரும் மாவு, உள்ளே பழப் பாகு. இதில் இரண்டு கட்சி இருக்கிறது. பழைய பாணியில் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெண்பூசணி. அன்னாசியின் புளிப்பையும் நாரையும் அடக்குவதற்காகப் பூசணியைச் சேர்த்துக் கிளறினார்கள். நம் காசி அல்வாவைக் கொஞ்சம் இறுக்கமாகக் கிண்டி மாவுக்குள் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, வழவழப்பாக, நல்ல இனிப்பாக இருக்கும்.

2000களின் கடைசியில்தான் முழுக்க அன்னாசியே வைத்த கேக் பரவலானது. நான்டோ பக்கத்து பாகுவா மலையில் தொடங்கிய சன்னி ஹில்ஸ் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் கடைக்குப் போனால் உட்காரவைத்து ஒரு முழுக் கேக்கும் தேநீரும் கொடுக்கிறார்கள். கேக்கைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே நார் நாராக, கரும்பழுப்பாக இருக்கும். புளிப்பு தூக்கலாகத் தெரியும். தேநீரோடு இதுதான் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ஊரில் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் "என்ன இது, புளிக்குது" என்று பாதியில் வைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பூசணி கலந்ததுதான் தோது.

பூசணி சேர்ந்ததைக் கலப்படம் என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. அது பழைய செய்முறையே. தைபெயின் நான்ஜிங் கிழக்குச் சாலையில் இருக்கும் சியா தே பேக்கரி வாசலில் வரிசை நிற்காத நேரம் குறைவு. அங்கே அன்னாசியைத் தவிர வேறு பழங்கள் வைத்த கேக்குகளும் சில்லறையாகக் கிடைக்கும். முழுப் பெட்டிக்குப் பாய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து ருசி பார்க்கலாம். உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு வைத்த அன்னாசிக் கேக்கும் உண்டு. பெட்டியின் படத்தில் அன்னாசி மட்டும் பெரிதாக இருந்தால் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

இனிப்பு என்றால் சைவம் என்று நம்பிவிடுவது

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சீனப் பாரம்பரியப் பேஸ்ட்ரியில் அடுக்கடுக்காக உதிரும் தோலுக்குப் பன்றிக்கொழுப்புதான் பழைய ரகசியம். தைச்சுங் நகரத்தின் சூரியக் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகல வட்டம், உள்ளே மால்டோஸ் பாகு, கடித்தால் சட்டையெல்லாம் தோல் உதிரும். இன்று பல கடைகள் வெண்ணெய்க்கு மாறிவிட்டன, சில மாறவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கடைகளிலேயே வேறு வேறு கொழுப்பு இருக்கலாம்.

அதைவிட மோசமான பொறி பாசிப்பருப்புப் பேஸ்ட்ரி. வெள்ளை வெளேரென்று உப்பலாக, உச்சியில் சிவப்பு முத்திரையோடு இருக்கும். தைச்சுங் பக்கம் ஃபெங்யுவான் இதற்குப் பேர்போனது. உள்ளே தோல் நீக்கிய பாசிப்பருப்பை மசித்து வைத்திருப்பார்கள். பருப்புதானே என்று கடித்தால் நடுவில் வதக்கிய பன்றி இறைச்சிக் கொத்தும் பொரித்த சின்ன வெங்காயமும் வரும். இறைச்சி இல்லாத வகையும் அதே கடையில் அதே உருவத்தில் இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தைவானில் பௌத்த சைவ மரபு ஆழமானது, சைவ உணவகங்கள் ஏராளம். அதனால் அங்கே சைவத்துக்குள்ளேயே வகைகள் இருக்கின்றன. 2009 முதல் பாக்கெட் உணவைச் சைவம் என்று விற்றால் எந்தச் சைவம் என்று அச்சிட வேண்டும். ஒன்றுமே கலக்காத முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, முட்டையும் பாலும் சேர்ந்தது, கடைசியாக வெங்காயம் பூண்டு வகைகள் சேர்ந்தது என்று ஐந்து. கடைசி வகையில் பாலும் முட்டையும்கூட இருக்கலாம். (வெங்காயம் பூண்டோடு பௌத்தர்கள் விலக்கும் ஐந்து காரப் பொருட்களில் நம் பெருங்காயமும் ஒன்று. சாம்பார் அங்கே முழுச் சைவம் ஆகாது.) முட்டை தொடாத வீட்டுக்கு வாங்குகிறவர் "சைவமா?" என்று மட்டும் கேட்டால், "ஆமாம்" என்ற பதில் வந்தாலும் உள்ளே முட்டை இருக்கக்கூடும். பால் சைவமா, முழுச் சைவமா என்று கேட்க வேண்டும். தங்கும் விடுதி வரவேற்பில் சொன்னால் அந்த ஐந்து வகைகளையும், பன்றிக்கொழுப்பு, ஜெலட்டின் என்ற இரண்டு சொற்களையும் சீன எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்தப் பெட்டியின் பின்பக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஜெலட்டினைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பால் பவுடர், கடலை, உலர்பழம் எல்லாம் ஒட்டிப் பனி தூவியது போல விற்கிறார்களே ஒரு மிட்டாய், அது மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்வது. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சாதாரண நூகா பெரும்பாலும் முட்டை வெள்ளைக் கருவும் மால்டோஸும் சேர்ந்தது. இரண்டு வெங்காயத்தாள் பிஸ்கட்டுகளுக்கு நடுவே நூகா வைத்ததும் உண்டு. இனிப்பும் உப்பும் கலந்த அந்த ருசி முதலில் விநோதமாக இருக்கும், அப்புறம் பெட்டி காலியாவதே தெரியாது. முஸ்லிம் நண்பர்களுக்கு என்றால் ஹலால் முத்திரை போட்ட அன்னாசிக் கேக்குகள் கிடைக்கின்றன. வெண்ணெயில் செய்தது என்று கடைக்காரர் சொல்வதைவிட அந்த முத்திரையை நம்புவது நல்லது.

இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்பவருக்கு என் சிபாரிசு வெண்பூசணித் தேநீர்க் கட்டி. பூசணியையும் சர்க்கரையையும் காய்ச்சி உறையவைத்த பழுப்புக் கட்டி அது. தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவைத்து ஐஸ் போட்டுக் குடிக்கலாம். உடையாது, ஒழுகாது. சென்னை வெயிலுக்கு ஏற்றதும்கூட.

தேதியைத் தப்பாகப் படிப்பது

சில பாக்கெட்டுகளில் 115.03.20 என்று இருக்கும். இது தைவானின் சொந்த ஆண்டுக் கணக்கு. 1912தான் அதில் முதல் ஆண்டு. ஆகவே 1911ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: 2026 மார்ச் 20. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். அது தயாரித்த தேதியா, கெடு தேதியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதப்படுத்தும் பொருள் சேர்க்காத நல்ல பேக்கரிப் பண்டங்களுக்கு ஆயுள் குறைவு. அன்னாசிக் கேக்கிலேயே இரண்டு வாரம் தாங்குவதும் உண்டு, ஒரு மாதம் தாண்டுவதும் உண்டு. ஹுவாலியனின் புது மோச்சி (ஒட்டரிசி மாவு உருண்டை), பெங்ஹு தீவின் கருப்புச் சர்க்கரைக் கேக் போன்றவை சில நாட்களில் போய்விடும். அவற்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடலையை அரைத்துச் செய்யும் பெங்ஹு, கின்மென் மிட்டாய்கள் ஊர் வந்து சேரும்.

தேயிலையில் எடையும் ஊரும்

தேயிலைக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து மலிவு என்று மகிழ்வதும், விலை அதிகம் என்று திரும்பி வருவதும் பல சமயம் எடை புரியாததால்தான். தைவானில் தேயிலையைத் தைஜின் என்ற எடையில் விற்கிறார்கள். ஒரு தைஜின் 600 கிராம். சீனாவில் ஜின் என்றால் 500, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பதினாறில் ஒரு பங்கு லியாங், அதாவது 37.5 கிராம். வழக்கமான வெற்றிடப் பாக்கெட் 150 கிராம், கால் தைஜின். சீட்டில் இருக்கும் தொகை முழுத் தைஜினுக்கா, பாக்கெட்டுக்கா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நாலு மடங்கு வித்தியாசம்.

அடுத்தது அலிஷான் என்ற மலைப்பகுதியின் பெயரில் மயங்குவது. ஆயிரம் மீட்டருக்கு மேல் விளைவதைத்தான் அங்கே உயர்மலைத் தேயிலை என்கிறார்கள். அலிஷான், லிஷான் எல்லாம் விலை உயர்ந்த பெயர்கள். வியட்நாமிலிருந்து வரும் இலையைத் தைவான் தேயிலை என்று விற்பது அங்கே பழைய தலைவலி. அதனால்தான் அலிஷான் போன்ற ஊர்களுக்கு விளைந்த இடத்தைக் காட்டும் சான்று முத்திரை இருக்கிறது. சுற்றுலாத் தெருவில், முத்திரையும் இல்லாமல், விலையும் கொள்ளை மலிவாக இருந்தால் யோசியுங்கள். நல்ல கடையில் உட்காரவைத்து ஊற்றிக் காட்டுவார்கள். ஊற்றிய பிறகு கெண்டியில் இருக்கும் இலையைப் பாருங்கள். உருண்டை விரிந்து, முழு இலைகள் காம்போடு ஒட்டிக்கொண்டு வந்தால் கையால் பறித்த இலை. துண்டும் துணுக்குமாக இருந்தால் இயந்திரம் வெட்டியது.

அப்புறம், இந்த உயர்மலை ஊலாங்கைப் பாலில் கொதிக்கவைக்காதீர்கள். பால் டீ குடிக்கிற வீட்டுக்கு அலிஷான் வாங்கிப் போவது காசைக் கரியாக்குவது. அவர்களுக்கு சூரிய சந்திர ஏரிப் பக்கத்துக் கருந்தேயிலை பொருந்தும். 1925இல் ஜப்பானியர்கள் நம் அஸ்ஸாமிலிருந்து விதை கொண்டுபோய் அங்கே யூச்சியில் பயிரிட்டார்கள். இன்றும் அஸ்ஸாம் என்ற பெயரிலேயே விற்கிறது, பாலைத் தாங்கும். அதே ஊரின் ரூபி 18 வேறு ரகம். பர்மாவின் அஸ்ஸாம் வகையையும் தைவான் காட்டுத் தேயிலையையும் கலந்து உருவாக்கி 1999இல் வெளியிட்டது. பட்டையும் புதினாவும் கலந்த ஒரு மணம். அதைப் பால் விடாமல் ஒரு தடவையாவது குடித்துப் பார்க்க வேண்டும்.

எல்லையிலும் பெட்டியிலும்

உலர் இறைச்சித் தகடு, இறைச்சிப் பஞ்சு (பஞ்சு போல இழை பிரித்து வறுத்தது) இரண்டும் தைபெயில் எங்கும் கிடைக்கும். ஆனால் ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இறைச்சிப் பண்டத்தை உள்ளே விடுவதில்லை. போகிற வழியில் இறங்கி ஊருக்குள் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சுங்கப் படிவத்திலும் இறைச்சி, மீன், பால் பொருட்கள், பழம், விதை ஆகியவற்றைத் தனியாகக் குறிப்பிடச் சொல்கிறது. புதுப் பழமே வேண்டாம். தைனானின் யூஜிங் மாம்பழத்துக்கு ஆசைப்பட்டால் உலர்ந்ததை வாங்குங்கள். சர்க்கரை சேர்க்காதது தோல் போல இழுபடும், ஆனால் வாசனை முழுக்க அதில்தான். மாம்பழம் தைவானில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று. கேக் பாக்கெட்டின் எச்சரிக்கை வரியில் அதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இங்கிருந்து தைவானுக்குப் போகும்போதும் கவனம் தேவை. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து பன்றி இறைச்சிப் பொருள் எதைக் கொண்டுபோனாலும் முதல் தடவையே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம். இந்தியாவில் 2020 முதல் அந்த நோய் இருக்கிறது. பன்றி ஊறுகாய் ஒரு பாட்டில்கூட வேண்டாம்.

சோயா சாஸ், தேன், ஜெல்லி எல்லாம் கைப்பைக்கான 100 மில்லி வரம்பில் மாட்டும். அவற்றைச் சரக்குப் பெட்டியில் போடுங்கள். சூரியக் கேக்கையும் முட்டைச் சுருள் பிஸ்கட்டையும் கைப்பையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஊரில் பொடிதான் கிடைக்கும். கைப்பையில் இருக்கிறதே என்று தைபெய் மெட்ரோவில் பிரித்துத் தின்றால் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை அபராதம். பபிள் டீயை உறிஞ்சினாலும், சூயிங்கம் மென்றாலும் அதேதான்.

பில்லை வீசி எறியாதீர்கள். வரி திருப்பித் தரும் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 தைவான் டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டினால், 5 சதவீத வரியில் சிறு கட்டணம் போக மீதியைத் திரும்பப் பெறலாம். 90 நாளுக்குள் பொருள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், உள்ளேயே தின்று தீர்த்தது கணக்கில் வராது. ராத்திரி விடுதி அறையில் பசித்தால் அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள், கீழே போய் வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.