பூக்கடைத் தளம் போனில் திறக்கத் தாமதம்: நான் சரிசெய்த விதம்

தோவாளையில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார். "மக்கா, போன்ல திறந்தா வெறும் வெள்ளையா நிக்குது. ஆர்டர் தர வாறவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான்?"

குரோமில், தளத்தின் வேகத்தை அளக்கும் லைட்ஹவுஸ் கருவியை ஓட்டினேன். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ கண்ணில் படும் நேரம்தான் எல்சிபி, 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. இங்கே அதைவிட வெகுதூரம். முகப்பிலிருந்த மாணிக்கமாலைப் படம், கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டிருந்தது. சுருக்கி, கோப்பின் அளவு குறையும் வெப்பி (WebP) பட வடிவுக்கு மாற்றினேன்.

அப்படியும் திருப்தி வரவில்லை. தளத்தின் நிரலைத் துழாவியபோது சிக்கியது: எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங், அதாவது படம் திரைக்கு அருகே வரும்போதுதான் அதை இறக்கும் ஏற்பாடு! கீழே உள்ள படங்களுக்கு அது நல்லதுதான். முதல் படத்துக்கும் போட்டால் பிரவுசர் அதை எடுக்கவே தாமதிக்கும். அதில் மட்டும் நீக்கிவிட்டு, எதை முந்தி இறக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் ஃபெட்ச் பிரையாரிட்டியை 'ஹை' என வைத்தேன். பெரிய மாற்றம் இதில்தான் கிடைத்தது. டெம்ப்ளேட்டில் தளம் செய்பவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

தமிழ் எழுத்துரு இறங்கும்வரை விலைப்பட்டியலும் மறைந்தே கிடந்தது. எழுத்துரு வரும்வரை என்ன காட்டுவது என்று சொல்லும் ஃபான்ட் டிஸ்ப்ளேயில் 'ஸ்வாப்' கொடுத்ததும், போனிலுள்ள எழுத்திலேயே பிச்சி விலை உடனே தெரிந்தது. சிக்னல் மங்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் போயும் திறந்து பார்த்தோம், தயங்காமல் வந்தது.