காய்ச்சல் விட்ட பின்னரே கவனம்: டெங்கு நோயாளியை வீட்டில் அவதானிக்கும் முறை

மாரி மழை பிடித்த சில வாரங்களில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் டெங்கு தலைகாட்டுவது வழமை. இந்நோயில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் காய்ச்சலின் சூடு அன்று. குருதி மயிர்க்குழாய்களின் சுவர் கசிவதே ஆகும். நோயாளியைப் பராமரிப்பவர் அச்சுவரைப் பற்றிச் சிறிது அறிந்திருந்தால், எதை எப்போது பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

அச்சுவர் ஒரேயொரு கலப் படையாலானது. ஒட்சிசன் கலங்களை ஊடுருவியே கடந்துவிடும். நீரும் உப்பும் குளுக்கோசும் கலங்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளால் இழையங்களைச் சேரும். அல்புமின் போன்ற பெரிய புரதங்களோ பெரும்பாலும் உள்ளேயே தங்கி, நீரையும் குழாய்க்குள் பிடித்துவைத்திருக்கும். வாவியில் வீசும் வலையின் கண்ணளவைப் பொறுத்தே மீன் தங்குவதும் தப்புவதும் அமைகிறதல்லவா? சுவரின் உட்புறத்தில் வெல்லச் சேர்வைகளாலான மெல்லிய பூச்சொன்றும் உண்டு. பரிசோதனை அறிக்கையில் நாம் காணும் என்.எஸ்.1 என்னும் டெங்குப் புரதம் அப்பூச்சைச் சிதைப்பதற்குத் துணைபோவதால், சிலருக்கு வலைக்கண் அகன்று, அல்புமினும் அதனோடு நீரும் வெளியேறி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகின்றன.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். ஆகவே மூன்றாம் நாளிலாவது முழுக் குருதிப் பரிசோதனை செய்வியுங்கள். அறிக்கை வந்ததும் பிளேட்லட் எத்தனை என்று மட்டும் கேட்பது நம்மவர் வழக்கம்; ஆனால் பி.சி.வி. எனப்படும் குருதிச் செங்கலங்களின் செறிவு வழமையான அளவைவிட 20 சதவீதம் உயர்ந்திருப்பதே கசிவை நேரடியாகக் காட்டுவது.

வீட்டில் பார்க்கக்கூடியவையும் உண்டு. நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். சிறுநீர் கழித்த நேரத்தையும் குடித்த அளவையும் எழுதிவையுங்கள். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாவிடினும், கைகால் குளிர்ந்தாலும், வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ குருதிக் கசிவோ கண்டாலும், காய்ச்சல் இல்லையே என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், வைத்தியர் கூறிய அளவில் கொடுக்கலாம்; அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபினாக் ஆகியவை குருதிப்பெருக்கைத் தூண்டும் என்பதால் அறவே வேண்டாம். குடிப்பதற்கு ஜீவனி என்னும் உப்பு-சீனிக் கரைசல், கஞ்சி, இளநீர் என்பன நல்லவை. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள்; வாந்தியில் வருவது குருதியா பானமா என்று பின்னர் பிரித்தறிய முடியாது.

வெறும் தண்ணீரை அளவின்றிப் புகட்டுவதும் தவறே. சுவர் செம்மையானதும் தேங்கிய நீர் மீண்டும் குருதிக்குள் வருவதால், மிகையாகச் சேர்ந்த நீர், குறிப்பாக நாளத்தில் ஏற்றிய சேலைன், நுரையீரலைத் திணறடிக்கலாம். அதனால்தான் கசிவு நின்ற பின்னர் வைத்தியர்கள் சேலைனைக் குறைக்கிறார்கள்.